‘முடியாது’ என்று சொல்லும் உரிமை

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? ஆடுகள் கத்தும், மாடுகள் மிரளும், புழுதி பறக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவிலே இருவர் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்து நிற்பார்கள். வாய் பேசாது, விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை. இரண்டு விரலைப் பிடித்தால் இன்னொரு விலை. ஒத்து வந்தால் ஆடு கைமாறும். ஒத்து வராவிட்டால், விற்க வந்தவர் கையை உதறிக்கொண்டு, “இந்த விலைக்கு முடியாது, அண்ணாச்சி” என்று சொல்லி, ஆட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார்.

அந்தத் துண்டுக்கு அடியிலே நடப்பதைத்தான் ‘சுதந்திரச் சந்தை’ என்று பெயர் சூட்டிப் பூரிக்கிறார்கள் பட்டணத்துப் பொருளாதாரப் பண்டிதர்கள். “விற்பவனும் சம்மதித்தான், வாங்குபவனும் சம்மதித்தான், இடையிலே சர்க்காருக்கு என்ன வேலை? சங்கத்துக்கு என்ன வேலை? சட்டத்துக்கு என்ன வேலை? விட்டுவிடுங்கள், தானாக எல்லாம் சரியாகும்” என்கிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. கருப்பட்டிப் பாகு போல இனிக்கிறது!

நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆட்டுக்குச் சந்தை வேண்டும். கத்தரிக்காய்க்கு வேண்டும், கருப்பட்டிக்கு வேண்டும், பத்தமடைப் பாய்க்கும் வேண்டும். சந்தையை இழுத்துப் பூட்டச் சொல்லி நான் எழுத வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஆட்டுக்காரர் வீடு திரும்பினாரே, எப்படித் திரும்ப முடிந்தது? ஆடு வழியிலே புல் மேயும். அடுத்த செவ்வாய் வரை உயிரோடு இருக்கும். அவர் வீட்டுப் பானையிலும் அடுத்த செவ்வாய் வரை கஞ்சி இருக்கிறது. ஆகவே அவரால் ‘முடியாது’ என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல்லிலேதான் இருக்கிறது அவருடைய சுதந்திரம்.

உழைப்பை விற்க வந்தவன் கதை அப்படியா? அவன் கொண்டு வந்த சரக்கு அவனுடைய இரண்டு கைகள். இன்றைக்கு விற்காத உழைப்பை நாளைக்குச் சேர்த்து விற்க முடியுமா? மாலைக் கதிரவனோடு அது மறைந்து போகும். வீட்டிலே பானை காலி, குழந்தை அழுகிறது, கடைக்காரர் கடனைக் கேட்கிறார். இந்த நிலையிலே துண்டுக்கு அடியில் அவன் கையைப் பிடிக்கிறவர் ஒரு விரலைத்தான் பிடிப்பார். அவனும் தலையை ஆட்டத்தான் ஆட்டுவான். அந்தத் தலையாட்டலுக்குச் சம்மதம் என்றா பெயர்? சந்தையிலே நிற்கும் ஆடும் அவனே, ஆட்டை விற்க வந்தவனும் அவனே!

இதைச் சிவப்புச் சட்டைக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. சந்தைத் தத்துவத்தின் மூலபுருஷர் என்று கொண்டாடப்படுகிறாரே ஆடம் ஸ்மித், அவரே 1776-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே எழுதி வைத்திருக்கிறார்: கூலிக்காக முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு வந்தால், முதலாளி ஓராண்டு ஈராண்டுகூடக் கைமுதலை வைத்துச் சமாளிப்பார், தொழிலாளிகளில் பலர் ஒரு வாரம் தாக்குப் பிடிக்க மாட்டார்கள் என்று. வேதத்தை ஓதுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் தாண்டி விடுகிறார்களே, அதன் மர்மம் என்ன?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பீர்கள். சரி, ஏட்டை மூடி விடுவோம். நம் பொருநை ஆறு பார்த்த கதைகளையே எடுத்துக்கொள்வோம்.

முதற் கதை, கப்பற் கதை. தூத்துக்குடி அந்நாளிலே திருநெல்வேலி மாவட்டம். 1986-இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு சுதேசி நாவாய்ச் சங்கம் கண்டார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மொத்த மூலதனம் 10 லட்சம் என்று திட்டம். ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிரிலே வெள்ளைக்காரனின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. போட்டி தொடங்கிற்று. பண்டிதர்கள் கண்ணிலே ஒற்றிக்கொள்ளும் போட்டி! வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கிற்று. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கிற்று. பார்த்தான் வெள்ளைக்காரன். “கட்டணமே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள், ஏறுகிறவருக்கு ஒரு குடையும் இலவசம்” என்றான்!

குடை இலவசம்! எவ்வளவு தாராளம், எவ்வளவு தயாளம்! அந்தக் குடை வெயிலுக்கு விரித்த குடையா, தோழர்களே? போட்டியாளனை மூடிப் புதைக்க விரித்த போர்வை அது. நட்டத்தைத் தாங்கும் வயிறு யாருக்குப் பெரிதோ அவன் வெல்லுகிறான், திறமைசாலி அல்ல. அதற்குமேல் நடந்தது நாடறிந்தது. 1908 மார்ச் 12-இல் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் நெல்லை நகரமே கொதித்தெழுந்தது; துப்பாக்கி வெடித்தது; நால்வர் மாண்டனர். செக்கிழுத்த செம்மல் சிறையிலே வாட, 1911-இல் கப்பல் கம்பெனி கலைந்தது. “அரசு சந்தையிலே தலையிடக் கூடாது” என்கிறார்களே, தலையிடாமலா இருந்தது? தராசின் ஒரு தட்டிலே துப்பாக்கியை வைத்துவிட்டு, “எடை சரியாக இருக்கிறது” என்று கை கட்டி நின்றது!

ஆனால் அதே 1908-இல் அதே தூத்துக்குடியிலே இன்னொன்றும் நடந்தது. ஹார்வி கம்பெனியாரின் கோரல் ஆலை. பாபநாசத்து அருவி நீரை வைத்து விக்கிரமசிங்கபுரத்திலே நூற்பாலை எழுப்பிய அதே கம்பெனியார்தான். கோரல் ஆலையிலே விடுமுறை இல்லை, வேலைக்கு வரம்பில்லை, கூலியோ கால்வயிற்றுக்கும் காணாது. தனித்தனியே எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்கள்! தனியாகச் சொன்ன ‘முடியாது’ வாயிலோடு போயிற்று. பிப்ரவரி 27 அன்று அத்தனை பேரும் சேர்ந்து ‘முடியாது’ என்றார்கள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்திலே நின்றார்கள். ஊர் சோறு போட்டது. வேலைநிறுத்தக்காரர்களைப் பழித்தவருக்கு முகம் மழிக்க மாட்டேன் என்று கத்தியை மடக்கி வைத்தாராம் ஒரு நாவிதர்! மார்ச் முதல் வாரத்திலே ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை வந்தது.

கவனியுங்கள். இந்தியாவிலே கம்யூனிஸ்டுக் கட்சியின் மாநாடு கான்பூரில் கூடியது 1925-இல்; அதற்குத் தலைமை தாங்கியவர் நம் சிங்காரவேலர். சென்னைக் கடற்கரையிலே முதல் மே தினக் கொடி ஏறியது 1923-இல், ஏற்றியவரும் அவரே. அதற்கெல்லாம் முன்பே, மார்க்சின் பெயரைக் கேட்டிராத தூத்துக்குடித் தொழிலாளி பொதுவுடைமையின் முதற்பாடத்தைப் படித்து விட்டான். அந்தப் பாடம் இதுதான்: தனியொருவனுக்கு இல்லாத ‘முடியாது’ என்ற சொல், ஆயிரம் பேர் சேர்ந்தால் உண்டாகிறது.

இரண்டாம் கதை மலைமேல். மாஞ்சோலை! பெயரைக் கேட்டாலே குளிர்கிறது அல்லவா? சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா கம்பெனி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் எழுந்தன. காட்டை வெட்டி, அட்டைக்கடி பட்டு, மழையிலே நனைந்து, தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் தாழ்த்தப்பட்ட குடிகளிலே பிறந்த ஏழைகள். பாட்டன் பறித்தான், தகப்பன் பறித்தான், மகள் பறித்தாள், பேத்தி பறித்தாள். நான்கு தலைமுறை! குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது. காலடி மண் குத்தகை மண். வேலை போனால் வீடும் போகும். இப்படிப்பட்டவன் கூலி பேசும்போது ‘முடியாது’ என்று எப்படிச் சொல்வான்?

சொல்லத் துணிந்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையிலே அடைத்தார்கள். அவர்களை விடுவிக்க வேண்டும், கூலித் தகராறைத் தீர்க்க வேண்டும் என்று மனுக் கொடுக்க 1999 ஜூலை 23 அன்று நெல்லையிலே ஊர்வலம் புறப்பட்டது. போன இடம் ஆட்சியர் அலுவலகம். கையிலே இருந்தது மனு. கொக்கிரகுளத்து ஆற்றங்கரையிலே தடியடி. ஓடினார்கள், ஓட இடமில்லை, ஆற்றிலே குதித்தார்கள். 17 உயிர்கள் போயின. பெண்கள் இருவர். பால் மறவாத குழந்தை ஒன்று.

அப்போது யார் ஆட்சி என்று கேட்பீர்கள். மறைக்கப் போவதில்லை, திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஆட்சி. திராவிட இயக்கத்து மேடைகளிலே வளர்ந்தவன் நான். ஆகவே இதை நானே சொல்ல வேண்டும், மாற்றான் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 1931-லேயே குடிஅரசு ஏட்டிலே கம்யூனிஸ்டு அறிக்கையைத் தமிழிலே வெளியிட்டார் பெரியார். மறு ஆண்டு சோவியத் நாட்டை நேரிலே கண்டு வந்து சமதர்மம் பேசினார். அந்த மரபிலே வந்தோம் என்று மார் தட்டுகிறவர்களின் ஆட்சியிலே கூலி கேட்டவன் ஆற்றிலே பிணமாக மிதந்தான் என்றால், அது ஒரு காவல் அதிகாரியின் தவறு மட்டுமல்ல. ஏழை ‘முடியாது’ என்று சொன்னால் அரசாங்கம் என்ற இயந்திரத்துக்கு எந்தக் கொடி கட்டியிருந்தாலும் கோபம் வந்து விடுகிறது. அந்த இயந்திரத்தின் பழக்கத்தை மாற்றாமல் அதன்மேல் நம் கொடியைக் கட்டினால் போதுமா?

கதை அங்கேயும் முடியவில்லை. குத்தகை 2028-இல் முடிகிறது. காடு புலிகள் காப்பகம். 2024-ஆம் ஆண்டு நடுவிலே, கம்பெனி ஒரு தாளை நீட்டிற்று. தாளின் பெயர் என்ன தெரியுமா? ‘விருப்ப ஓய்வு’! யாருடைய விருப்பம்? மலையிலே பிறந்து, மலையிலே வளர்ந்து, மலைக்குக் கீழே ஒரு சென்ட் மண்ணும் இல்லாதவளிடம் “கையெழுத்துப் போடு, இறங்கிப் போ” என்றால், அது விருப்பமா? காடு காடாகட்டும், அதிலே எனக்கு மாறுபாடு இல்லை. தேயிலையை விடப் பொருநைக்குச் சோலைக்காடு பெரிது. ஆனால் கம்பெனி லாபத்தோடு இறங்குகிறது, தொழிலாளி வெறுங்கையோடு இறங்குகிறாள் என்றால், அந்தக் கணக்கை எழுதியவர் யார்? இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியிலே ‘டான்டீ’ என்று அரசே தேயிலைத் தோட்டம் நடத்தியது. அந்த டான்டீயே இந்தத் தோட்டத்தையும் ஏற்று நடத்தட்டும் என்று மாஞ்சோலை மக்கள் வழக்கு மன்றத்தின் படியேறிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி பித்தர்களின் கேள்வியல்ல; கண்முன்னே கண்டதைச் சுட்டிய கேள்வி.

மலையை விட்டுக் கீழே வாருங்கள். முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம். நெல்லை தென்காசிச் சீமையிலே எந்தத் தெருவிலே நுழைந்தாலும் திண்ணையிலே சுளகை மடியில் வைத்துப் பெண்கள் பீடி சுற்றுவார்கள். என் தாயாரும் சுற்றியவர். பள்ளிக்கூடப் படிப்போடு நான் நின்றேன். அந்தப் படிப்பும் அந்தச் சுளகு போட்ட பிச்சை. கடையிலே இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். கொடுத்த இலை ஆயிரத்துக்குக் காணாது. குறைந்ததைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டு போனால் “இது சரியில்லை, அது சரியில்லை” என்று கழிவு தள்ளுவார்கள். அம்மா ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. “ஏம்மா பேசாமல் வந்தீர்கள்?” என்று கேட்டேன். “பேசினா நாளைக்கு இலை தரமாட்டான்லா, ராசா” என்றார். பொருளாதாரப் பண்டிதர்களின் அத்தனை பெரிய நூல்களுக்கும் பதில் அந்த ஒரு வரியிலே இருக்கிறது.

பீடித் தொழிலாளருக்கென்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. பக்கத்து மாநிலமான கேரளம் அதை அமல் செய்யப் புறப்பட்டதும், கண்ணூர்ப் பக்கத்துப் பெரிய பீடி முதலாளிகள் என்ன செய்தார்கள்? “முடியாது” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். பார்த்தீர்களா, முதலாளிக்கு அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வருகிறது! ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் குடும்பங்கள் தெருவிலே நின்றன. அப்போது ஆட்சியிலே இருந்தவர் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு. அரசு கடன் கொடுத்தது. தொழிலாளிகள் பங்கு சேர்த்தார்கள். 1969-இல் ‘தினேஷ் பீடி’ என்று அவர்களே நடத்தும் கூட்டுறவு பிறந்தது. முதலாளி போனான், தொழில் போகவில்லை! இலை வாங்க, கணக்கெழுத, சந்தையிலே விற்க எல்லாம் கற்றுக்கொண்டார்கள். பீடியின் காலம் சாய்ந்தபோது உணவுப் பொருளும் ஆடையும் செய்யத் திரும்பினார்கள், குடையும் செய்தார்கள்.

“இதெல்லாம் சரி, உங்கள் சோவியத் என்னவாயிற்று?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி, நழுவ மாட்டேன். 1991-இல் அது சிதறிற்று. பட்டினியை ஒழிக்கப் பாடுபட்டது, எழுத்தறிவைப் பரப்பியது, இட்லரின் படையை முறியடித்தது. ஆனாலும் சிதறிற்று. ஏன்? பல காரணம் சொல்லலாம். என் கண்ணுக்குப் படுவது ஒன்று. தொழிலாளியின் பெயராலே எழுந்த அரசுகள், தொழிலாளியிடமிருந்தே ‘முடியாது’ என்ற சொல்லைப் பறித்து விட்டன. 1980 ஆகஸ்டில் போலந்து நாட்டு கிதான்ஸ்கு கப்பல் கட்டும் தளத்திலே தொழிலாளிகள் வேலையை நிறுத்தித் தனிச் சங்கம் கேட்டார்கள், தொழிலாளி ஆட்சி என்று சொல்லிக்கொண்ட ஆட்சியிடமே! அந்த ஆட்சி மறு ஆண்டு இராணுவச் சட்டத்தால் அவர்களை அடக்கிற்று. கோரல் ஆலைத் தொழிலாளி பக்கம் நிற்கிறவன், கிதான்ஸ்குத் தொழிலாளி பக்கமும் நிற்கத்தான் வேண்டும். அங்கே தவறிற்று என்பதால் இலட்சியம் பொய்யாகாது. இலட்சியத்தை மறந்ததனாலேயே அங்கே தவறிற்று.

இனி, இன்றைய நிலை. பழைய தொழிலாளர் சட்டங்களையெல்லாம் நான்கு தொகுப்பாகச் சுருட்டி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டு வந்தது ஒன்றிய அரசு. தோட்டத் தொழிலாளர் சட்டமும் பீடித் தொழிலாளர் சட்டமும் அந்தச் சுருட்டலுக்குள்ளே போயின. வேலை நிறுத்தம் செய்ய வேண்டுமா? முன்கூட்டியே அறிவிப்புக் கொடு, 14 நாள் காத்திரு என்கிறது புதிய விதி. ஆலையை மூட அரசின் அனுமதி கேட்க வேண்டிய வரம்போ 100 தொழிலாளியிலிருந்து 300 தொழிலாளியாக உயர்ந்தது. அதாவது, தொழிலாளியின் ‘முடியாது’வுக்குத் தாழ்ப்பாள், முதலாளியின் ‘முடியாது’வுக்குத் திறந்த கதவு! இதற்குப் பெயர் சுதந்திரமாம்.

நம் மாநிலத்திலும் 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் ஒன்று சட்டமன்றத்திலே நிறைவேறியது. சங்கங்கள் எழுந்தன, தோழமைக் கட்சிகள் எழுந்தன, மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டது. கொண்டு வந்ததைக் கண்டித்தேன். திரும்பப் பெற்றதைப் பாராட்டினேன். ஆனால் பாராட்டு முதலில் யாருக்குச் சேர வேண்டும்? பத்தே நாளிலே ‘முடியாது’ என்று ஒன்றாகச் சொன்னார்களே, அவர்களுக்கு!

ஆகவே தோழர்களே, பொதுவுடைமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பெரிய பெரிய சொற்களைத் தேடி அலைய வேண்டாம். ஆட்டுக்காரருக்கு இருக்கும் உரிமை உழைப்பாளிக்கும் வேண்டும் என்று சொல்லுங்கள். விலை பிடிக்காவிட்டால் கையை உதறிக்கொண்டு வீடு திரும்பும் உரிமை. திரும்பிப் போக ஒரு வீடு. அந்த வீட்டிலே அடுத்த செவ்வாய் வரை கஞ்சி. அவன் தனித்து நிற்காமல் தோள் கொடுக்க ஒரு சங்கம். முதலாளி ஓடினாலும் தொழில் ஓடாமல் காக்க ஒரு கூட்டுறவு. இவ்வளவும் இருக்கட்டும், பிறகு துண்டை விரிக்கட்டும், விரலைப் பிடிக்கட்டும், பேரம் பேசட்டும். அதைச் சுதந்திரச் சந்தை என்று நானே முன்னின்று முழங்குகிறேன்.

அதுவரைக்கும், எவனாவது வந்து இலவசமாகக் குடை நீட்டினால் கப்பலோட்டிய தமிழனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் நீட்டுகிற குடையின் காம்பு எப்போதும் அவன் கையிலேயே இருக்கும். நமக்கு வேண்டியது நாமே சேர்ந்து செய்து, நாமே பிடித்து, நமக்கே விரிக்கும் குடை. கண்ணூரிலே செய்தார்கள். கொக்கிரகுளத்து ஆற்றிலே பதினேழு உயிரைப் பறிகொடுத்த நாம் செய்ய மாட்டோமா?